சிவப்புக் குழாயில் வந்த வெந்நீர்

அக்கா,

நேற்றுக் காலை எங்கள் ஷார்ஜா வீட்டில் ஹீட்டரைக் கழுவ ஆள் வந்திருந்தார். குளியலறைக் கூரைக்கு அடியில் மாட்டியிருக்கும் பலகையை நகர்த்தி, ஸ்டூலில் ஏறி நின்று, ஹீட்டரின் அடியில் இருந்த மூடியைத் திருகினார். முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. பிறகு தேயிலைச் சாயம்போல ஒரு நிறம். கடைசியில் கறுத்த சேறு கொழகொழவென்று வாளியில் விழுந்தது. துருவும் சுண்ணாம்பும் வெந்துபோன மண்ணும் கலந்த வாடை குளியலறையிலிருந்து கூடம்வரை வந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். நான் திறக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாடையை இதற்கு முன்னால் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறேன். அப்போது நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள்.

நீங்கள் போய்விட்டதாக எனக்குத் தெரிந்து மூன்று மாதம் இருக்கும். நம்மோடு துபாய் கராமாவில் தங்கியிருந்த திருச்சிக்காரப் பெண் போனில் சொன்னாள். தூங்கப் போனவர் காலையில் எழுந்திருக்கவில்லையாம். நெஞ்சுதான் என்று டாக்டர் சொன்னாராம். அவள் சொல்லி முடித்ததும் நான் "சரி" என்றேன். சாவைச் சொன்னவளிடம் "சரி" என்றா சொல்வார்கள்? எனக்கு எந்த நேரத்தில் என்ன பேச வேண்டும் என்று இன்னும் பழகவில்லை. நீங்கள் இருந்திருந்தால், "வாயத் தொறந்தா முத்தா உதிந்துரும் ஒனக்கு?" என்று கேட்டிருப்பீர்கள்.

நான் கராமாவுக்கு வந்தபோது எனக்கு ஊர் உலகம் தெரியாது. அரியலூர்ப் பக்கத்திலிருந்து, எங்கள் குடும்பத்திலேயே முதலாவதாகக் கல்லூரிக்குப் போய், இயற்பியல் படித்து, ஏஜென்ட் மூலமாக வந்திருந்தேன். தேராவில் கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. ஏசி ஓடவில்லை, குழாய் ஒழுகுகிறது என்று கூப்பிடுகிறவர்களின் புகாரைக் கேட்டு டெக்னீஷியன்களுக்குச் சொல்ல வேண்டும். போனில் பேசவே கூசுகிற ஒருத்திக்கு அந்த வேலை வாய்த்தது. அதை நீங்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நம் வீட்டில் மொத்தம் நான்கு பெண்கள், இரண்டு அறைகள். என் கட்டிலும் உங்கள் கட்டிலும் ஒரே அறையில் இருந்தன. நம்மில் மூத்தவர் நீங்கள். தூத்துக்குடிக்காரர். பக்கத்துத் தெருவில் ஒரு பியூட்டி பார்லரில் பத்து வருடத்துக்கு மேல் வேலை. புருவம் திருத்துவது, மருதாணி, மெழுகு போட்டு முடி எடுப்பது எல்லாம் தெரியும். அரபுப் பெண்கள் உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மெழுகுச் சட்டியில் டயல் இருக்கிறதே, அதை வைத்துச் சூட்டைத் தெரிந்துகொள்ளலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். இடது புறங்கையைத் தட்டிக் காட்டினீர்கள்.

"டயல நம்புனா கஸ்டமருக்குத் தோலு போயிரும். இங்கன ஒரு சொட்டு வச்சுப் பாப்பேன். கை சொல்லும்."

முதல் மே மாதத்தில் என்னைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு குழாய்களையும் காட்டினீர்கள். நான் அதுவரை நீலக் குழாய் என்றால் பச்சைத் தண்ணீர், சிவப்பு என்றால் வெந்நீர் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இன்னையிலருந்து அதெல்லாம் மாறிப்போச்சு, கேட்டியா? நீலத்தத் தொறந்தா மொட்டமாடி டேங்குத் தண்ணி நேரா வரும். வெயில்ல கொதிச்சுக் கெடக்கும். சிவப்பு ஹீட்டர் வழியா வரும். ஹீட்டர அணச்சுப் போட்டா, உள்ள கெடக்க தண்ணி ஏசிக் குளிருல ஆறிரும். அக்டோபர் வரைக்கும் சிவப்புதான் பச்சத் தண்ணி. என்னட்டி முழிக்க?"

விழிக்காமல் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை என்பதே எனக்கு அப்போதுதான் பழகியிருந்தது. இப்போது வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர். ஆனால் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள். குளியலறைக்கு வெளியே இருந்த ஹீட்டர் சுவிட்சை நீங்கள் அணைத்தீர்கள். அதன் சிவப்பு விளக்கு என்றைக்கோ செத்துப்போயிருந்தது. அதனால் அணைந்ததா இல்லையா என்பது சுவிட்ச் நிற்கும் நிலையைப் பார்த்தால்தான் தெரியும். முதல் கோடை முழுவதும் நீங்கள் சொன்னபடியே நடந்தது. சிவப்பைத் திறந்தால் குளுகுளுவென்று வந்தது.

குழப்பம் இரண்டாவது கோடையில் வந்தது. ஜூலை. மற்ற இருவரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நீங்களும் நானும் மட்டும். ஒருநாள் விடிந்ததும் குளிக்கப் போய்ச் சிவப்புக் குழாயின் கீழே கையை நீட்டினேன். சுரீரென்றது. வெளியே வந்து சுவிட்சைப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. மறுபடி தொட்டேன். மறுபடி சுட்டது.

"அக்கா, சிவப்பு சுடுதுக்கா."

நீங்கள் கண்ணைத் திறக்காமலேயே, "நீலத்தத் தொறந்திருப்ப" என்றீர்கள்.

"இல்லக்கா, சிவப்புதான்."

எழுந்து வந்தீர்கள். கொட்டாவி விட்டபடி குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் காட்டினீர்கள். திருப்பிப் புறங்கையையும் காட்டினீர்கள்.

"வெதுவெதுன்னுதான இருக்கு? இதுக்கா என்னய எழுப்புன? போடி, மூதி."

நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிக்கிற மாதிரித் தெரியவில்லை. நீங்கள் முந்தின நாளே இரண்டு வாளியில் தண்ணீர் பிடித்து, ஆறவைத்துக் குளிப்பவர். குழாய்த் தண்ணீர் உங்கள் கையில் மட்டும்தான் படும். துணி அலசும்போது, பாத்திரம் கழுவும்போது. அப்போதெல்லாம் நீங்கள் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே அந்தத் தண்ணீரில் கையை வைத்திருந்தீர்கள். ஒரே தண்ணீர். இரண்டு பேர். ஒருத்திக்குச் சுடுகிறது, ஒருத்திக்குச் சுடவில்லை.

இரண்டு நாள் கழித்து வாட்ச்மேனைக் கூட்டி வந்தேன். அவர் பட்டாணியர். சுவிட்சைப் பார்த்தார், அணைந்திருந்தது. நீலக் குழாயைத் தொட்டார், சுட்டது. சிவப்பைத் தொட்டார், அதுவும் சுட்டது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"கர்மீ ஹை, தீதி! சப் கரம்!"

கோடைக்காலம், எல்லாமே சூடுதான் என்றார். அவரைச் சொல்லி என்ன? எங்கள் ஆபீசுக்கே ஜூன் மாதத்தில் தினம் இப்படிப் பத்துப் பேர் கூப்பிடுவார்கள். ஹீட்டர் பழுது, பச்சைத் தண்ணீர் கொதிக்கிறது என்பார்கள். எல்லோரும் புதிதாக வந்தவர்கள். "ஹீட்டரில் ஒன்றுமில்லை, டேங்குத் தண்ணீர்தான்" என்று அவர்களுக்குச் சொல்லச் சொல்லி எனக்கே பயிற்சி கொடுத்திருந்தார்கள். இந்த ஊரில் பழகியவர்கள் யாரும் ஜூலையில் ஹீட்டரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

அதனால் நான் என்னைச் சந்தேகப்பட்டேன். காய்ச்சல் இருக்கிறதோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல்லூரியில் முதல் வருடம் ஒரு சோதனை செய்துகாட்டுவார்கள். ஒரு கையை வெந்நீரிலும் ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் வைத்துவிட்டு, இரண்டையும் சாதாரணத் தண்ணீரில் போட்டால், ஒரே தண்ணீரை ஒரு கை சூடு என்று சொல்லும், இன்னொரு கை குளிர்ச்சி என்று சொல்லும். சூட்டை அளக்கக் கையை நம்பக்கூடாது என்பது பாடம். ஆபீசில் நாள் முழுவதும் ஏசியில் உட்கார்ந்து என் கைதான் கெட்டுப்போய்விட்டதோ? உங்கள் கை பத்து வருடம் பழகிய கை. சூட்டைச் சொல்லியே பேர் வாங்கிய கை. யார் சொல்வதை யார் நம்புவார்கள்?

அந்த வாரத்தில்தான் உங்கள் பார்லரில் ஒரு சண்டை நடந்தது. ஒரு வாடிக்கைக்கார அம்மாள் கையில் மெழுகு பட்டதும் கத்திவிட்டாராம். அந்த இடம் தடித்துப் போயிற்றாம். இரவுச் சாப்பாட்டின்போது சொன்னீர்கள்.

"அவ பூஞ்ச ஒடம்புக்காரி. நான் தொட்டுப் பாத்துதான் வச்சேன். அதுக்கு மேடம் என்ன சொல்லுதா தெரியுமா? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கேன்சல் பண்ணி அனுப்பிருவாளாம். பத்து வருசமா எங்கையில ஒரு பிள்ளைக்கு ஒரு பொட்டுச் சுட்டதில்ல."

விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பார்லர் நடத்தும் உங்கள் மேடத்தின் மேல் கோபப்பட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஹீட்டரைப் பற்றி ஆபீசில் யாரிடமும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் டெக்னீஷியன்கள் போனில் பேசுவதை அந்த வாரம் கவனமாகக் கேட்டேன். அடியில் சேறு படிந்த ஹீட்டர் சத்தம் போடும், சோளப்பொரி பொரிகிற மாதிரி இருக்கும் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சேற்றுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிக்கிற சத்தமாம் அது. வீட்டுக்கு வந்து குளியலறையில் ஸ்டூல் போட்டு ஏறி, கூரைப் பலகையில் காதை வைத்தேன். பொடபொடவென்று கேட்டது. அணைந்திருக்கிற ஹீட்டர் எப்படிக் கொதிக்கும்?

நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஏட்டி, அங்க ஏறி என்ன செய்யுத?"

"சத்தம் கேக்குதுக்கா. உள்ள கொதிக்குது."

"புறாட்டி அது. ஏசிப் பொட்டிக்குப் பின்னால கூடு கட்டிருக்கு. எறங்கு, விழுந்து கிழுந்து வைக்காத. ஒன்னயத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட என்னால முடியாது."

புறா இருந்ததும் உண்மைதான். எனக்கு மறுபடி எல்லாம் குழம்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. ஆபீஸ் டெக்னீஷியன் ஒருவரிடம் கேட்டு, ஏசிக் காற்றைச் சோதிக்கிற வெப்பமானி ஒன்றை வாங்கி வந்திருந்தேன். அதைக் கேட்பதற்கே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சிவப்புக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்து, வெப்பமானியை விட்டேன். அறுபதுக்குப் பக்கத்தில் போய் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அதை நினைத்தால் இப்போது வினோதமாக இருக்கிறது. என் கை கெட்டுப்போகவில்லை என்கிற சந்தோஷம். பரீட்சையில் பாஸான மாதிரி உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் வெப்பமானியை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "இந்தக் குச்சிக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து, இடது கையை மணிக்கட்டுவரை வாளிக்குள் விட்டீர்கள். விட்டு, வைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தீர்கள்.

"பாத்தியா? ஒண்ணுமில்ல. நீதான் சும்மா..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. தண்ணீருக்குள் உங்கள் கை சிவந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நீங்கள் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தீர்கள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து உங்கள் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. நான் பாய்ந்து உங்கள் கையை வெளியே இழுத்தேன். ஓடிப்போய்த் தண்ணீரில் காட்டலாம் என்றால் எந்தக் குழாயில் காட்டுவது? வீட்டில் இருந்த எல்லாக் குழாயிலும் வெந்நீர். ஆறவைத்த வாளித் தண்ணீரை நீங்கள் விடியற்காலையிலேயே குளித்துத் தீர்த்திருந்தீர்கள். ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாக உங்கள் கையில் ஊற்றினேன். நீங்கள் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு மெதுவாகக் கேட்டீர்கள்.

"நெசமாவே சுடுதாட்டி?"

"சுடுதுக்கா."

"ரொம்பவா?"

நான் தலையை ஆட்டினேன். நீங்கள் அடுத்துச் சொன்னது என்னைப் பற்றியோ ஹீட்டரைப் பற்றியோ இல்லை. "அப்ப அந்தப் பொம்பளைக்குச் சுட்டுருக்கும்" என்றீர்கள்.

அன்று மாலை வாட்ச்மேனிடம் நானே போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சண்டை போட்டேன். நான் சத்தம்போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாள் கட்டடத்து எலக்ட்ரீஷியன் வந்தார். சுவரிலிருந்து சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். வெளியே அது அணைந்த நிலையில் நின்றாலும் உள்ளே இரண்டு தகடும் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. மின்சாரம் நிற்கவே இல்லை. கடைசியாக எப்போது போட்டு அணைத்தீர்கள் என்று கேட்டார். மெழுகு பிடித்த உங்கள் ஏப்ரனை அலச, அந்த மாதத் தொடக்கத்தில் நீங்கள் ஒருமுறை போட்டு அணைத்திருந்தீர்கள். அப்போது ஒட்டியிருக்கும் என்றார். சூடு ஏறியதும் தானாக நிறுத்தும் தெர்மோஸ்டாட் வேலை செய்ததால்தான் தண்ணீர் அறுபதோடு நின்றதாம். பிறகு ஹீட்டரின் அடியைத் திறந்தார். கறுத்த சேறு வாளி வாளியாக வந்தது. அந்த வாடை. பத்து வருடமாக யாரும் திறந்ததில்லை போலிருக்கிறது என்றார்.

"புறா எங்கக்கா?" என்று உங்களைச் சிரிக்கவைக்கக் கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையை முந்தானையால் மூடிக்கொண்டு, சேறு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கிளினிக்குக்கு நீங்கள் தனியாகத்தான் போனீர்கள். வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றீர்கள். மாத்திரைப் பையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "சுகராம். நரம்பத் தின்னுருக்காம். இனிமே ஏறாமப் பாத்துக்கிடலாம், போனது வாரது கஷ்டம்னு சொல்லுதான்" என்றீர்கள். பிறகு, "யார்ட்டயும் சொல்லப்பிடாது, என்ன?" என்றீர்கள். லீவு முடிந்து மற்றவர்கள் வந்தபோது, கையில் இருந்த தழும்பைக் குக்கர் சுட்டது என்று சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நாம் இருந்த விதத்தை யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியாது. டீ போட்டதும் டம்ளரை என் பக்கம் நகர்த்துவீர்கள். இஸ்திரிப் பெட்டி, தோசைக்கல், சோறு வடிக்கிற சட்டி எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல், பேச்சோடு பேச்சாக, "ஏட்டி, கையத் தா" என்பீர்கள். நான் தொட்டுப் பார்த்து, "இப்ப குடிக்கலாம்" என்பேன். நீங்கள் உடனே குடிப்பீர்கள். சந்தேகமே படமாட்டீர்கள். என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லை அப்படி யாரும் நம்பியதில்லை. அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. எனக்குச் சூடாக இல்லாதது உங்களுக்கும் சூடாக இருக்காது என்று நான் எப்படிச் சொல்வது?

ஆனால் பார்லருக்கு என் கை வர முடியாதே. அங்கே என்ன செய்தீர்கள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. ஒருநாள் உங்கள் கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு சொட்டு மெழுகு காய்ந்து ஒட்டியிருந்தது. கேட்டேன்.

"கழுத்துக்குத் தெரியுது. கழுத்துல வச்சுப் பாக்கேன். மேடம் பாத்தா பைத்தியம்னு நெனப்பா."

"வெப்பமானி வாங்கித் தரட்டுமாக்கா?"

"கஸ்டமர் முன்னாடி மெழுகுல குச்சிய விட்டுப் பாத்துகிட்டு நிக்கச் சொல்லுதியா? நேத்து வேல படிச்ச பிள்ளயா நான்?"

மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், கல்லாவில் உட்காரவைப்பார், புருவ வேலை மட்டும் கொடுப்பார் என்று நான் சொன்னேன். நான் யோசனை சொன்னதே பெரிய விஷயம் என்பதுபோல என்னைப் பார்த்தீர்கள்.

அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு வேலை. பெண்ணும் அவள் அக்கா தங்கைகளுமாகக் கடை நிறைய ஆட்கள் என்று பிறகு சொன்னீர்கள். மெழுகு சூடாகிவிட்டது. பெண் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் மெழுகைத் தொட்டுப் பூசும் கட்டையோடு நிற்கிறீர்கள். கழுத்தில் வைத்துப் பார்க்க முடியாதபடி எல்லோரும் உங்களையே பார்க்கிறார்கள். இடது புறங்கையில் ஒரு சொட்டு வைத்தீர்கள். ஒன்றும் தெரியவில்லை.

கட்டையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, "இன்னையிலருந்து நான் வேக்ஸ் பண்ணமாட்டேன், மேடம்" என்று சொல்லியிருக்கிறீர்கள். ஏன் என்று மேடம் கேட்டிருக்கிறார். "எனக்கு இஷ்டமில்ல" என்றிருக்கிறீர்கள். கல்யாண வீட்டார் முன்னால், அத்தனை பேர் இருக்கும்போது. மேடம் கொதித்துப்போய்விட்டார். பத்து வருடம் கூட இருந்தவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். இரண்டு வாரத்தில் உங்கள் விசா ரத்தாகிவிட்டது.

எனக்கு இன்றுவரை புரியாதது இதுதான் அக்கா. "கை மரத்துவிட்டது" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அந்த மேடம் இரங்கியிருப்பார். கெட்டவர் இல்லை என்று நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். அப்படியும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்களிடம், அந்த மேடத்தின் வாய் பிடிக்கவில்லை என்றீர்கள். ஊரில் தங்கையிடம் போனில், துபாய் சலித்துவிட்டது என்று சொன்னதை நானே கேட்டேன். ஏர்போர்ட்டுக்கு டாக்சியில் போகும்போது நான் அழுதுகொண்டே கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எனக்கும் ஒரு காரணம் சொன்னீர்கள்.

"சீக்குக்காரின்னு பரிதாபப்பட்டு வச்சுக்கிடுததுக்கு, திமிரு புடிச்சவன்னு அனுப்பட்டும். போறப்ப ஒரு கெத்தாவது இருக்கும்லா?"

சிரித்தீர்கள். நானும் அதை நம்பினேன். அப்புறம் யோசித்தால், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று சொன்னதுபோல, எனக்கும் எனக்குப் பிடிக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னீர்களோ என்று தோன்றுகிறது. அந்தக் கல்யாணப் பெண்ணின் கையைப் பார்த்தபோது உங்கள் மனதில் என்ன ஓடியது? பெருமையா, பயமா, இல்லை அந்தப் பெண் மேல் வந்த இரக்கமா? அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தாலும் நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்பது நிச்சயமில்லை.

ஊருக்குப் போன பிறகு பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் பேசினீர்கள். கையைப் பற்றிக் கேட்டால், "அதுக்கென்ன, ரெண்டும் இருக்கு" என்பீர்கள். எனக்குக் கல்யாணமாகி ஷார்ஜாவுக்கு வீடு மாறியதும் பேச்சு குறைந்தது. பிறகு அந்தப் போன் வந்தது.

துக்கம் கேட்க உங்கள் தங்கைக்குப் போன் செய்ய எனக்குப் பல நாள் பிடித்தது. என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் போன் செய்தேன். அவருக்கு உங்கள் குரலே. என் பேரைச் சொன்னதும் ஒரு நிமிடம் யோசித்தார்.

"அக்காகூட ஒரே ரூம்புல இருந்த அரியலூர்ப் பிள்ளைதான நீ?"

"ஆமாங்க."

"கை மரத்துப்போன பிள்ளை?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேசிக்கொண்டே போனார்.

"ஒன்னயப் பத்திப் பேசாத நாளே கெடையாது எங்கக்கா. பாவம், படிச்ச பிள்ளை, சின்ன வயசு, கையில சூடே தெரியாது, கொதிக்க தண்ணில கைய விட்டுட்டுச் சிரிச்சிகிட்டு நிக்குன்னு சொல்லுவா. நான்தான் அதுக்கு டீயிலருந்து தோசக்கல்லு வரைக்கும் தொட்டுத் தொட்டுச் சொல்லணும், நான் இங்க வந்துட்டேன், இப்ப அதுக்கு யாரு பாத்துச் சொல்லுதாளோன்னு பொலம்புவா. இங்க வந்ததுக்கப்புறமும் அடுப்புப் பக்கமே வரமாட்டா. டீய ஆத்தி ஆத்தி எங்கையில குடுத்து, சூடு சரியா இருக்கான்னு கேப்பா. ஏங்க்கான்னா, அந்தப் பிள்ளைக்குப் பாத்துப் பாத்துப் பழகிட்டுன்னு சொல்லுவா."

நான் எழுதிவைத்திருந்த தாள் கையிலேயே இருந்தது. அதில் இருந்த எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. நீங்கள் ஊரில் இருந்த ஐந்து வருடம். உங்கள் கூடப் பிறந்தவருக்குக்கூடத் தெரியாமல், உங்கள் கையை என் பேரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். கோபப்பட வேண்டுமா, சிரிக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜத்தைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? சொல்லாவிட்டால் அது பொய்தானே? அவர் அதற்குள் கேட்டுவிட்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கு ஒனக்கு?"

"இப்பப் பரவால்லக்கா" என்றேன்.

"மாத்திரை ஒழுங்காப் போடுதியா?"

"போடுறேன்க்கா."

அதிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை அவரே கூப்பிடுகிறார். உங்களைப் பற்றிப் பேசுகிறார், அழுகிறார், கடைசியில் தவறாமல் என் கையை விசாரிக்கிறார். தூத்துக்குடியில் நரம்புக்கு ஒரு நல்ல டாக்டர் இருக்கிறாராம், ஊருக்கு வரும்போது கட்டாயம் வரச் சொல்கிறார். நானும் வருகிறேன் என்கிறேன். போன வாரம், விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று சொன்னேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அந்தப் பக்கம் சத்தமாக, "ஏசுவே, என் அக்கா கேட்டுருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டுருப்பா" என்றார்.